யாரும் சுடாத மரை

அந்தக் காட்டோரக் கொலனியில் மரைமான் ஒன்று விழுந்தால் அதை ஒளித்துத் தின்ன எவராலும் முடியாது. அறுபது வீட்டுக்கும் சேர்த்து அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு ஒன்றே ஒன்றுதான். அது சின்னராசா வீட்டுக் கூரை வளையில் தொங்கியது. காட்டுப் பக்கம் வெடி கேட்டால் போதும், ஆறாம் வாய்க்கால் கரைப் பெண்கள் மிளகாய் அரைக்கத் தொடங்கிவிடுவார்கள். விழுந்ததை உரித்துப் பங்கு போட்டு வீட்டுக்கு வீடு அனுப்புவதுதான் வழக்கம். கோபித்துக்கொண்டு முகம் பாராமல் இருக்கும் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். அவர்கள் அதை வாங்கிச் சமைத்துத் தின்றுவிட்டு மறுபடி கோபித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் நன்றாகத் தெரிந்த அன்னபாக்கியம்தான், அறுபத்தோராம் ஆண்டு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், யாரும் சுடாத ஒரு மரையைத் தன் வாயாலேயே சுட்டு விழுத்தினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான் போய் முடியும். ஆனால் அவள் ஏன் சொன்னாள் என்பதையும் கேட்டுவிட்டுத்தான் அவளைப் பேச வேண்டும்.

அவளுடைய புருசன் கதிர்காமநாதன் எட்டு மாதம் சயரோக ஆசுப்பத்திரியில் கிடந்துவிட்டு மார்கழியில் வீடு வந்திருந்தான். இனி ஒருவருக்கும் தொற்றாது என்று டொக்டர் கடிதம் கொடுத்துத்தான் விட்டார். அந்தக் கடிதத்தை வாசிக்க யார் வந்தார்கள்? படலைக்கு வெளியே நின்றே சுகம் விசாரித்துவிட்டுச் சனம் போய்விடும். பிள்ளைகள் இரண்டும் தெல்லிப்பழையில் அவளுடைய தாய் வீட்டில் நின்று படித்தார்கள். உள்ளே வந்து இருந்து கதைத்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து ஞாயிறுதோறும் சைக்கிளில் உப்பும் கருவாடும் சவர்க்காரமும் கொண்டுவரும் சரீப். மற்றது அடுத்த வளவு விமலேஸ்வரி, சின்னராசாவின் பெண்சாதி.

"உடம்பைத் தேத்த வேணும். முட்டை, பால், இறைச்சி குடுங்கோ. தொண்ணூறு றாத்தலுக்குக் கீழை போனால் திரும்ப வாட்டுக்குத்தான் வரவேணும்," என்று டொக்டர் சொல்லியிருந்தார். வரும்போது அவன் தொண்ணூற்றிரண்டு றாத்தல். முட்டை என்றால், மார்கழி மழையோடு வந்த கோழி நோயில் கூடு காலி. பால் குடித்தால் சத்தி எடுப்பான். சோறு மூன்று வாய்க்கு மேல் இறங்காது. ஆட்டிறைச்சி அந்தப் பக்கத்தில் தீபாவளிக்கும் வேள்விக்கும்தான். சின்னராசாவோ நெல் அரிவு வெட்டு முடியும்வரை காட்டுக்குப் போவதில்லை. கதிர்காமநாதனின் சட்டைக் கழுத்து நாளுக்கு நாள் அகன்றுகொண்டு போனது.

ஒருநாள் மத்தியானம் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் கட்லட் எண்டால் இறங்கும் போலை கிடக்கு," என்றான்.

"எந்தக் கட்லட்?"

"வாட்டிலை பக்கத்துக் கட்டில்லை ஒரு பறங்கிக் கிழவர் கிடந்தவர், ரெயில் கார்ட்டாய் இருந்த மனிசன். ஞாயிறு எண்டால் அவரின்ரை மனிசி ஒரு பெட்டி கொண்டு வருவா. வெளியாலை மொறுமொறு எண்டிருக்கும், உள்ளுக்கை மெத்தெண்டிருக்கும். எனக்கும் ரெண்டு தருவார்."

"மீனோ?"

"இறைச்சி."

"என்ன இறைச்சி?"

கதிர்காமநாதன் முகட்டைப் பார்த்தான். "நானும் மூண்டாம் கிழமைதான் கேட்டனான். மாடு எண்டார். கேட்ட பிறகும் திண்டனான், அன்னம். அந்த மாதம் நாலு றாத்தல் ஏறினது."

அவளுக்கு அருவருத்தது. எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தேவையில்லாமல் பத்து வாளி தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றினாள். தன் கையால் கழுவி, தன் பானையில் அவித்து, தன் அடுப்பில் பொரிப்பதை நினைத்துப் பார்த்தாள். பிறகு நாலு றாத்தலை நினைத்தாள். அதை நினைத்தபோது மற்றதெல்லாம் சிறிதாகப் போயிற்று. ஞாயிறு சரீப்பிடம் கேட்டாள்.

சரீப் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "தங்கச்சி, இது விளையாட்டில்லை. உங்கட ஆக்கள் என்னைத்தான் கேப்பினம்."

"உங்களை ஆர் கேக்கப் போகினம், நானா? எனக்கு ஒரு றாத்தல் காணும். எப்பிடிச் செய்யிறது எண்டும் உங்கட வீட்டிலை கேட்டுக்கொண்டு வாங்கோ."

அடுத்த ஞாயிறு உப்புச் சாக்குக்கு அடியிலிருந்து தேக்கிலைப் பொட்டலம் வந்தது. கூடவே பெண்சாதி உம்மு ஹானியின் சொற்களும் வந்தன. சரீப் அதை மதரசாவில் பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையைப் போல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"முதல் உப்பும் மிளகும் போட்டு இறைச்சியை நல்லா அவிக்கட்டாம். அவிச்ச தண்ணியை ஊத்தாதேங்கோ, அதை அவருக்குக் குடிக்கக் குடுக்கட்டாம். பிறகு கத்தியாலை சின்னனாக் கொத்தவேணும். இடிச்சால் களியாப் போயிடுமாம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, கிழங்கு அவிச்சு மசிச்சு, எல்லாம் பிசைஞ்சு, தேசிக்காய்ப் புளி விட்டு உருட்டுறது. பிறகு அடிச்ச முட்டையிலை தோய்ச்சு, காஞ்ச பாண் தூளிலை பிரட்டி, கொதிக்கிற எண்ணெயிலை போடுறது. முட்டையும் ரெண்டு தந்து விட்டவ. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?"

"இன்னும் ஒண்டு சொன்னவ. வழியிலை விழுந்திட்டுது."

கட்லட்டில் பாண் தூள் பூசியிருந்தது என்று கதிர்காமநாதன் சொல்லியிருந்ததால், புதுக்குடியிருப்புப் பேக்கரியில் வாங்கி வந்த பாணை அவள் வெள்ளிக்கிழமையே பிய்த்துச் சுளகில் காயப் போட்டிருந்தாள். இப்போது அதை அம்மியில் பொடித்தாள். இறைச்சி அவிந்த நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொத்தும்போது முதலில் கை கூசியது. கத்தி ஒரு தாளத்தில் விழத் தொடங்கியதும் கை கையின் வேலையைப் பார்த்தது. எண்ணெய் காய்ந்தது, முதல் நாலு உருண்டைகளையும் போட்டாள். போட்ட மாத்திரத்தில் அவை வெடித்துச் சிதறித் தாச்சி முழுக்கக் குப்பையாயின.

"விசர் மனிசன்," என்று சரீப்பைத் திட்டினாள். பிறகு பிசைந்து வைத்ததைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சுட்டது. கிழங்கு ஆற வேண்டும். வழியில் விழுந்தது அதுதான்! விசிறியை எடுத்து வீசி ஆறவைத்து, ஒரு பிடி பாண் தூளையும் உள்ளே சேர்த்துப் பிசைந்து, மறுபடி உருட்டிப் போட்டாள். இம்முறை உருண்டைகள் ஒன்றோடொன்று முட்டாமல் மிதந்து, மஞ்சளாகி, பின் நல்ல மரநிறமாகின.

உப்புப் பாராமல் அவள் ஒருவருக்கும் சாப்பாடு வைத்ததில்லை. குசினி மூலையில் சுவரைப் பார்த்து நின்று ஒரு கடி கடித்தாள். மேல்தோல் நறுக்கென்று உடைந்தது. மிளகு நாக்கைச் சுட்டது. உப்புச் சரி. நல்ல ருசியாக இருந்தது, அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

கதிர்காமநாதன் ஐந்து தின்றான். ஐந்தாவதைத் தின்னும்போது அவன் நெற்றியில் வேர்வை வந்தது. விரலைச் சூப்பிவிட்டு, "இன்னும் கிடக்கோ?" என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவள் ஒரு மாதம் காத்திருந்தாள். முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து விமலேஸ்வரி வந்தாள். "என்னணை அன்னமக்கா, வாசம் எங்கட கிணத்தடி மட்டும் வருது!" வந்தவள் தட்டைக் கண்டாள், கேட்காமலே ஒன்றை எடுத்துக் கடித்தாள். "ஐயோ, என்ன ருசி! என்ன இறைச்சியக்கா?"

"மரை," என்றாள் அன்னபாக்கியம்.

"மரையோ? ஆர் வைச்ச வெடி?"

அன்னபாக்கியம் அப்போதுதான் சின்னராசாவின் துவக்கை நினைத்தாள். "இஞ்சை இல்லை... முல்லைத்தீவுப் பக்கமாம். சரீப் நானா கொண்டந்தவர்."

விமலேஸ்வரி இரண்டாவதையும் தின்றாள். புருசனுக்கென்று இன்னொன்றை இலையில் சுற்றிக்கொண்டு போனாள். தடுத்திருக்கலாம். நோயாளி வீட்டில் பயமில்லாமல் கை நனைத்த ஒரே பெண்ணை எப்படித் தடுப்பது என்று அன்னபாக்கியத்துக்குத் தெரியவில்லை.

சின்னராசாவுக்கு ஒரு கடி போதுமாயிருந்தது. இருபது வருடம் மரை உரித்த கை. அவனை ஏமாற்ற முடியுமா? திங்கள் காலை விமலேஸ்வரி தன் கிணற்றடியில் நின்று சத்தம் கேட்கத் துப்பித் துப்பி வாய் கொப்பளித்தாள். செவ்வாய்க்கிழமை கொலனி முழுக்கக் கதை பரவிவிட்டது. புதன் பின்னேரம் கதிர்காமநாதனின் தமையன் ஐயாத்துரை குடையோடு வந்து, வழக்கம்போல் படலைக்கு வெளியே நின்றார். பிள்ளையார் கோயில் மணியகாரர் அவர். அரிவு வெட்டுக்கு யார் யார் வயலில் எந்த நாள் சேர்ந்து இறங்குவது என்று முறை வைப்பவரும் அவரே.

"பிள்ளை, நடந்ததை நான் விளங்கியிட்டன். அந்தச் சோனகன் உன்னை ஏமாத்திப் போட்டான். மரை எண்டு சொல்லி மாட்டைத் தந்திட்டான், என்ன?"

அவள் படலையைத் திறந்து விட்டாள், அவர் உள்ளே வரவில்லை.

"நீ பயப்பிடாதை. ஞாயிறு அவன் வரேக்கை கோயிலடியிலை மறிச்சு வைப்பம். நீ வந்து எல்லாருக்கும் முன்னாலை, இவன்தான் மரை எண்டு தந்தவன் எண்டு ஒரு வார்த்தை சொல்லு. ஐயர் தீர்த்தம் தெளிப்பார், தோசம் போயிடும். அவன் இனி இந்தக் கொலனிப் பக்கம் சைக்கிள் மிதிக்கேலாது. வாற கிழமை வெள்ளி உன்ரை வயலுக்கு முறை வைச்சிருக்கிறன், இருபது பேர் இறங்குவினம்."

"சொல்லாட்டில், அத்தான்?"

"சொல்லாட்டில் தெரிஞ்சு சமைச்சனீ எண்டுதானே கருத்து? பிறகு உன்ரை வரம்பிலை ஆர் கால் வைப்பினம்? நெல்லு நிண்டு கொட்டுப்படும். தம்பியை வைச்சுக்கொண்டு என்னெண்டு சீவிப்பாய்?"

அவர் போனபின் வீட்டுக்குள் கதிர்காமநாதன் கட்டிலில் எழுந்து இருந்தான். எல்லாம் கேட்டிருந்தது.

"சொல்லிப்போட்டு விடு, அன்னம். சரீப்புக்கு இது இல்லாட்டில் வேறை ஊர். எங்களுக்கு இந்த வயல் மட்டும்தானே."

"இஞ்சேருங்கோ, எட்டு மாதத்துக்குப் பிறகு நீங்கள் இந்த வீட்டிலை வந்து கிடக்க, உங்கட கூடப்பிறந்தவர் படலைக்கு வெளியிலை நிக்கிறார். அந்த மனிசன் உள்ளுக்கை வந்து உங்கட செம்பிலை தண்ணி குடிச்சது. நான்தான் அவரை வற்புறுத்திக் கேட்டனான். அவர் வேண்டாம் எண்டவர்." அவளுக்குக் குரல் ஏறியது. "ஒரு பொய் சொல்லித்தான் இவ்வளவும். அந்தப் பொய்யை அவரின்ரை தலையிலை கட்டச் சொல்லுறீங்களோ?"

கதிர்காமநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் திரும்பினான். தினமும் கொதிக்கவைத்து அவள் பழுதாகாமல் வைத்திருந்த மிச்ச இறைச்சித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

ஞாயிறு காலை கோயிலடி மருதமரத்துக்குக் கீழே நாற்பது பேர் நின்றார்கள். சரீப்பின் சைக்கிளை மரத்தில் சாத்தியிருந்தார்கள். உப்புச் சாக்கை யாரோ அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். வெள்ளை உப்பு புழுதியில் கிடந்தது. சரீப் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். மாடு என்று சொல்லித் தந்தாரா, மரை என்று சொல்லித் தந்தாரா என்று எத்தனை தரம் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அன்னபாக்கியம் அகப்படுவாள் என்று அவருக்குத் தெரியும். அதை அவள் கண்டதும் அவளுக்குள் மிச்சமிருந்த பயமும் போய்விட்டது.

"வா பிள்ளை. சொல்லு," என்றார் ஐயாத்துரை.

"சொல்லத்தான் வந்தனான்." அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "சரீப் நானா என்னை ஏமாத்தேல்லை. மாட்டிறைச்சி கொண்டு வாங்கோ எண்டு நான்தான் கேட்டனான். தெரிஞ்சுதான் வாங்கினனான், தெரிஞ்சுதான் பொரிச்சனான். உப்புப் பாக்க நானும் திண்டனான்."

கூட்டம் ஒருமுறை உறுமியது. யாரோ "சிவ சிவா" என்றார்கள்.

"பொறுங்கோ, முடியேல்லை. விமலேஸ்வரிக்கு மரை எண்டு பொய் சொன்னது நான். அது பிழை. தெரியாமல் அவளைத் தின்னப் பண்ணினது பெரிய பிழை. அவளிட்டை மன்னிப்புக் கேக்கிறன், எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறன். வேறை ஒருத்தரிட்டையும் கேக்கமாட்டன்."

"வாயை மூடு!" ஐயாத்துரையின் குடை மண்ணில் குத்தியது. "களத்திலை நெல்லுச் சூடு மிதிச்சு எங்களுக்குச் சோறு போடுற சீவன் அது. அதைத் திண்டுபோட்டுக் கோயிலடியிலை நிண்டு கதைக்கிறாய்!"

"அத்தான், போன ஆனியிலை உங்கட கிழட்டு எருதைத் தரகனுக்குக் குடுத்தனீங்கள். பதினைஞ்சு வருசம் உங்களுக்குச் சூடு மிதிச்ச சீவன். தரகன் அதை எங்கை கொண்டு போனவன்? புல்லு மேய விட்டவனோ?"

அங்கே நின்ற பாதிப் பேர் தங்கள் தங்கள் கிழட்டு மாடுகளை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஐயாத்துரையின் கழுத்து நரம்பு புடைத்தது.

"உன்ரை வயலிலை ஒரு அரிவாளும் இறங்காது!"

"என்ரை அரிவாள் இறங்கும்," என்றாள்.

குனிந்து, மேலாக இருந்த சுத்தமான உப்பைக் கையால் அள்ளிச் சாக்கில் போடத் தொடங்கினாள். சரீப்பும் குனிந்தார். "தங்கச்சி, ஏன் இப்பிடி..." என்றார் மெதுவாக.

"இண்டைக்கும் கொண்டந்தனீங்களோ, நானா?"

அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு கருவாட்டுக் கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டி, ஓம் என்று தலையை ஆட்டினார்.

அன்றைக்கு அவள் குசினிக்குள் சமைக்கவில்லை. முற்றத்தில், வாய்க்கால் பாதைக்கு நேரே மூன்று கல் வைத்து, பாலை விறகு மூட்டி, எண்ணெய் காயவைத்தாள். கிழங்கை நல்லாக ஆறவிட்டாள். கோயிலடியிலிருந்து திரும்பிய சனம் முழுக்க அந்தப் பாதையால்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொருவராக மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடிப்பதற்கு முன் ஒரு மூச்சு உள்ளே இழுத்தவர்களையும் அவள் கண்டாள்.

ஐயாத்துரை சொன்னபடியே வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. இரண்டரை ஏக்கர் நெல் தலை சாய்ந்து நின்றது. பனி காயுமுன் அன்னபாக்கியம் தனியாக இறங்கினாள். மத்தியானம் நிமிர்ந்து பார்த்தால், வெட்டியது ஒரு முற்றமளவுதான். இடுப்பு விட்டுப் போயிற்று. தண்ணீர் குடித்தாள், மறுபடி குனிந்தாள். பக்கத்து வயலில் இருபது பேர் கூச்சலும் பகிடியுமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அழவேண்டும் போல் வந்தபோதெல்லாம் ஐயாத்துரையின் எருதை நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அவள் வெட்டிப் போட்ட உப்பட்டிகளை யாரோ பின்னால் சேர்த்துக் கட்டும் சத்தம் கேட்டது. திரும்பினால் கதிர்காமநாதன். தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தான்.

"ஆர் உங்களை வரச் சொன்னது?"

"நீ வெட்டு."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"தின்னச் சொன்னவர். திண்டனான். திண்டவன் வேலை செய்யவேணும்." அவன் அவளை நேரே பார்க்காமல் கட்டின் முடிச்சை இறுக்கினான். "அண்டைக்கு உனக்கு நான் சொன்னது நல்ல கதையில்லை, அன்னம்."

அவள் அரிவாளை மாற்றிப் பிடித்தாள். பத்துக் கட்டுக் கட்டிவிட்டு அவன் வரம்பில் மூச்சு வாங்க இருந்தான். பிறகு எழும்பி இன்னும் பத்துக் கட்டினான். இருமவில்லை. அவள் ஒவ்வொரு நிமிடமும் அந்த இருமலுக்காகக் காது கொடுத்திருந்தாள், அது வரவில்லை.

நாலாம் நாள் காலையில், வயலின் மற்றத் தலைப்பில் ஒரு ஆள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான். சின்னராசா. ஏன் வந்தாய் என்று இவர்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பொழுதுபடப் போகும்போது மட்டும், "மரையை இனி எனக்கு வெடி கேக்காமல் சுடாதேங்கோ, அக்கா," என்றான். அவள் சிரித்துவிட்டாள். ஒன்பதாம் நாள் நெல் முழுவதும் சூட்டுப் போராகக் குவிந்தது. கிளினிக்கில் கதிர்காமநாதனைத் தராசில் ஏற்றியபோது தொண்ணூற்றேழு றாத்தல். டொக்டர் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார், அவள் சொன்னாள்.

மாசி முடிவில் ஒரு காலை, அவள் முற்றத்தில் பாண் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலிப் பொட்டடியில் நிழல் ஆடியது. விமலேஸ்வரி. கோயிலடிக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை. முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னடி, சுகமில்லையோ?"

"ரெண்டு மாதமக்கா." விமலேஸ்வரி வயிற்றில் கை வைத்தாள். "வாயிலை ஒண்டும் வைக்கேலாது. சோத்தைக் கண்டால் சத்தி வருது." காலால் மண்ணைக் கிளறினாள். "அக்கா... அந்தக் கட்லட் எப்பிடிச் செய்யிறனீங்கள்? அதிலைதான் நினைப்பாக் கிடக்கு."

"கோபம் ஆறியிட்டுதோ?"

"ஆறேல்லை. ஆனால் அது வேறை, இது வேறை."

அன்னபாக்கியம் சுளகைக் கீழே வைத்தாள். "சொல்லித் தாறன். என்ன இறைச்சி வாங்கப் போறாய்?"

விமலேஸ்வரி பாதையை ஒருமுறை பார்த்தாள். "அது... மரை கிடைச்சால்..."

"ஆர் வைச்ச வெடி?"

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அப்போது வாய்க்கால் கரையால் ஒரு கறுப்புக் குடை வந்துகொண்டிருந்தது. ஐயாத்துரை. விமலேஸ்வரி கண்டாள். அன்னபாக்கியமும் கண்டாள், ஆனால் அவள் குரலைத் தாழ்த்தவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பதில் வரட்டும் என்று நின்றாள்.

குடை படலைக்கு நேரே வந்தது. விமலேஸ்வரி வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள்.

"மாடக்கா!" என்றாள், கரைக்குக் கேட்கத்தக்கதாக. "மாட்டிறைச்சி! சரீப் நானாவிட்டைச் சொல்லிவிடுங்கோ. ஒரு றாத்தல் காணுமோ?"

குடை ஒரு கணம் நின்றது. பிறகு போயிற்று.

"உனக்கு இப்ப ரெண்டு றாத்தல் வேணும்," என்றாள் அன்னபாக்கியம். "உள்ளுக்கை வா. முதல் கிழங்கை எப்பிடி ஆறவிடுறது எண்டு காட்டுறன்."